பத்து விரல் தாள்

கெட்டியான ஒரு தாள். மேல் பாதியில் இரண்டு வரிசை, வரிசைக்கு ஐந்து கட்டம். வலக்கைக்கு ஒரு வரிசை, இடக்கைக்கு ஒரு வரிசை. அதன் கீழே, விரல்களைச் சேர்த்து வைத்து ஒரே அழுத்தாக அழுத்துவதற்குப் பெரிய கட்டங்கள். கண்ணாடிப் பலகையில் கறுப்பு மையை ஊற்றி, உருளையால் மெல்லிசாகத் தேய்த்து, ஒவ்வொரு விரலாகப் பிடித்து, நகத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை உருட்டி எடுப்பார் காவலர். விரலுக்குரியவர் கையைத் தளர்த்தி அவரிடம் கொடுத்துவிட வேண்டும். தானாக அழுத்தினாலோ விறைத்தாலோ கோடு கலங்கிவிடும். கொத்து வேலை, சுண்ணாம்பு வேலை பார்க்கிற கைகளில் ரேகை தேய்ந்திருக்கும். துடைத்துவிட்டு மறுபடி எடுப்பார்கள். பிறகு ஒரு பழந்துணி. மை அன்றைக்கே முழுசாகப் போகாது. நகக் கண்ணில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும், சோற்றில் கை வைக்கும்போது தெரியும்.

மை இரண்டு நாளில் போய்விடும். தாள் போவதில்லை. அது எங்கிருந்து கிளம்பி, மதுரைச் சீமைக்கு எப்படி வந்து, இன்றைக்கு எங்கே நிற்கிறது என்பதைச் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாகத் தோன்றிக்கொண்டிருக்கிறது. ஏனென்றால் நீதிமன்றம் ஒருவரை மன்னித்து வீட்டுக்கு அனுப்பிவிட்ட பிறகும் அந்தத் தாள் மட்டும் ஊர் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

அது பிறந்த இடம் வங்காளம். 1858-ல் ஜாங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி, சாலைக்குச் சரளை கொடுக்க ஒப்பந்தம் போட்ட கோனாய் என்பவரின் முழுக் கையையும் மையில் தோய்த்து ஒப்பந்தத்தின் முதுகில் பதித்து வாங்கினார். கையெழுத்து என்னுடையது இல்லை என்று நாளைக்கு மறுத்துவிடக் கூடாதே என்பதுதான் அவர் கவலை. ஓய்வூதியம் வாங்குகிறவர் செத்த பிறகும் அவர் பெயரில் வேறொருவர் வந்து பணம் வாங்குவதைத் தடுக்கவும் பிற்பாடு இதே வழியைப் பயன்படுத்தினார். குற்றவாளி என்ற எண்ணமே அப்போது இந்தத் தாளோடு ஒட்டவில்லை. 1897-ல் கல்கத்தாவில் கைரேகைக் கூடம் வந்தபோதுதான் தாள் காவல்துறையின் சொத்தானது. ஆயிரக்கணக்கான தாள்களில் வேண்டியதை நொடியில் எடுப்பதற்கான வகைப்பாட்டுக் கணக்கைப் போட்டவர்களில் முக்கியமானவர்கள் அஜிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்திய அதிகாரிகள். பெயர் மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்குப் போய்விட்டது. உலகம் இன்றும் அதை ஹென்றி முறை என்றுதான் சொல்கிறது.

மதுரைப் பக்கம் அது வந்த விதம் வேறு. 1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம், குற்றம் செய்தவரிடம் மட்டும் ரேகை எடுத்தால் போதாது, குறிப்பிட்ட சாதியில் பிறந்தவரிடமே எடுக்கலாம் என்றது. 1914-ல் மதுரை நகரை ஒட்டிய கீழக்குயில்குடிக் கள்ளர்கள் அதன் கீழ் கொண்டுவரப்பட்டார்கள். சில ஆண்டுகளில் பிரமலைக் கள்ளர் சமூகம் முழுவதும் அந்த வளையத்துக்குள் வந்துவிட்டது. உசிலம்பட்டி, செக்கானூரணி, திருமங்கலம் பக்கத்துக் கிழவர்களிடம் கேட்டால் சட்டத்தின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ரேகைச் சட்டம் என்பார்கள். இராத்திரியில் ஆம்பளைகள் வீட்டில் படுக்க முடியாது, காவல் நிலையத்து முன்னால் போய்ப் படுக்க வேண்டும், கலியாணம் முடிந்த மாப்பிள்ளைக்கும் அதே கதி என்று பாட்டன் சொன்னதைச் சொல்வார்கள். வெளியூருக்குப் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும், போன ஊரில் அதைக் காட்டிக் கையெழுத்து வாங்கிவர வேண்டும். பெண் பார்க்கப் போவதற்கும் எழவுக்குப் போவதற்கும் அந்தச் சீட்டு.

1920 ஏப்ரல் 3-ந் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை எடுக்க வந்த போலீஸிடம் ஊர் ஒன்றாக நின்று முடியாது என்றது. துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் செத்தார்கள். அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோன மாயாக்காள் அவர்களில் ஒருவர். ஊரில் இன்று நினைவுத்தூண் இருக்கிறது. ஒரு தாளில் பத்து விரலை வைக்க மறுத்ததற்காக ஒரு கிராமம் கொடுத்த விலை அது. தமிழ்நாட்டுப் பாடப் புத்தகத்தில் ஜாலியன்வாலாபாக்குக்கு இருக்கிற இடத்தில் கால்வாசி இதற்கு இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

மதுரையில் வக்கீல் தொழில் செய்த பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் இந்த மக்களுக்காக நீதிமன்றத்திலும் வெளியிலும் வாதாடினார். கோட்டில் ரோஜாப்பூ செருகிக்கொண்டு வந்ததால் அவர்கள் அவரை ரோசாப்பூ துரை என்றார்கள். அந்தப் பெயரைப் பிள்ளைக்கு வைத்த குடும்பங்கள் உண்டு. முத்துராமலிங்கத் தேவர், பி. ராமமூர்த்தி, ஜீவா என்று வெவ்வேறு கட்சிக்காரர்கள் ஒரே கோரிக்கைக்காக நின்றார்கள். 1947 ஜூனில், சுதந்திரத்துக்கு இரண்டு மாதம் முன்பு, சென்னை மாகாணம் அந்தச் சட்டத்தை நீக்கியது. மறு வருஷமே, 1948-ல், வாடிக்கைக் குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. சாதியை விட்டார்கள், பதிவேட்டை விடவில்லை.

பெருங்காமநல்லூரில் இரத்தம் காய்ந்த அதே 1920-ன் செப்டம்பரில் இன்னொரு சட்டம் வந்தது: கைதிகள் அடையாளச் சட்டம். யாரிடம் ரேகை எடுக்கலாம், யாரிடம் படம் பிடிக்கலாம் என்று வரையறுத்த சட்டம். அதன் 7-ஆவது பிரிவில், விசாரணையில்லாமல் விடப்பட்டவர், விடுவிக்கப்பட்டவர், குற்றமற்றவர் என்று தீர்ப்புப் பெற்றவர் ஆகியோரின் ரேகைகளை அழித்துவிட வேண்டும், அல்லது அவரிடமே கொடுத்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தது. வெள்ளைக்காரன் எழுதிய சட்டத்திலேயே தாளுக்கு ஒரு முடிவு இருந்தது. ஆனால் குற்றம் செய்ததாக முடிவாகி, சிறைக்கு அனுப்பாமல் விடப்பட்டவருக்கு அந்தப் பிரிவில் இடமில்லை. தாளின் பயணத்தில் அடைபட்ட இடம் இதுதான்.

அப்படி விடுகிற யோசனை நமக்குப் புதிதில்லை. 1841-ல் பாஸ்டனில் ஜான் அகஸ்டஸ் என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி, குடித்துவிட்டு நீதிமன்றத்தில் நின்ற ஒருவரைத் தன் பொறுப்பில் ஜாமீன் எடுத்துத் திருத்திக் காட்டினார் என்பதிலிருந்து கதையைத் தொடங்குவார்கள். சென்னை மாகாணம் இந்தியாவில் முன்வரிசையில் நின்றது: 1936-ஆம் ஆண்டின் சென்னை நன்னடத்தைச் சட்டம், அடுத்த வருஷம் நடைமுறைக்கு வந்தது. நாடு முழுவதற்குமான குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் 1958-ல் வந்தது. மதுரை நீதிமன்ற வளாகத்தில் வக்கீல்கள் அதை பி.ஓ. ஆக்ட் என்றுதான் சொல்வார்கள்.

வண்டியூரில் இருபது வயது இளைஞன் ஒருவன் என்று வைத்துக்கொள்வோம். தெப்பக்குளத்துக் கரையில் பழக்கடை வாசலில் வைத்திருந்த ஒரு கைப்பேசியை எடுத்தான், பிடிபட்டான், எடுத்தேன் என்று ஒத்துக்கொண்டான். பொருள் ஐயாயிரத்துக்குக் கீழே இருந்து, அதைத் திருப்பியும் கொடுத்துவிட்டால் 2024 ஜூலையிலிருந்து நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்படி முதல் தடவைக்குச் சமூக சேவையே தண்டனை. கைப்பேசி அதைவிட விலை கூடியது என்று கொள்வோம். 21 வயதுக்குக் கீழே உள்ளவரைச் சிறைக்கு அனுப்பக் கூடாது, அனுப்பினால் காரணத்தை எழுத வேண்டும் என்கிறது 1958 சட்டத்தின் 6-ஆவது பிரிவு. அதற்கு முன் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையை வாங்கிப் பார்க்க வேண்டும். அலுவலர் வண்டியூருக்கு வருவார். அம்மாவிடம், தெருவில், வேலை பார்த்த பட்டறையில் விசாரிப்பார். படிப்பு எங்கே நின்றது, அப்பா என்ன செய்கிறார், வீட்டில் குடி உண்டா, கூட்டாளிகள் யார் என்றெல்லாம் எழுதிக்கொண்டு போவார். நீதிபதி பிணைப் பத்திரம் எழுதி வாங்கி, நன்னடத்தையில் விடுவார். ஒரு வருஷத்துக்குக் குறையாமல் அலுவலரின் கண்காணிப்பு, பிணை மூன்று வருஷம்வரை போகலாம். மாதாமாதம் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், வீடு மாறினால் சொல்ல வேண்டும், குடிக்கக் கூடாது. அவன் எல்லாவற்றையும் செய்து முடிக்கிறான்.

முடித்த நாளன்று என்ன நடக்கும்? எதுவும் நடக்காது. பிணைக் காலம் தானாகத் தீரும். இடையிலேயே போதும் என்று தோன்றினால் அலுவலர் விண்ணப்பித்து நீதிமன்றம் பிணையை ரத்து செய்யலாம். ஆனால் காலம் முடிந்தது, இவர் ஒழுங்காக முடித்தார் என்று ஒரு தாள் காவல் நிலையத்துக்குப் போக வேண்டும் என்று சட்டத்தில் இல்லை.

இதில் என்னை அதிகம் உறுத்துவது ஒன்று. நன்னடத்தை அலுவலரின் அறிக்கை இரகசியம் என்கிறது 1958 சட்டத்தின் 7-ஆவது பிரிவு. அவனைப் பற்றி ஓர் அரசு அலுவலர் விசாரித்து, இவன் திருந்தக்கூடியவன் என்று எழுதிய ஒரே தாள் அதுதான். அது உறையில் மூடிக் கிடக்கிறது. அவனைத் திருடன் என்று சொல்லும் முதல் தகவல் அறிக்கை, உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பரில் இட்ட ஆணைப்படி, 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏறியாக வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தன் மேல் என்ன வழக்கு என்று உடனே தெரிய வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் வந்த ஆணை அது, தேவையான ஆணையும்கூட. ஏற்றச் சொன்னவர்கள், வழக்கு முடிந்து கண்காணிப்பும் முடிந்தவனின் அறிக்கையை எப்போது இறக்குவது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

வண்டியூருக்கு ஒரு விஷயம் தெரியும். சித்திரைத் திருவிழாவில் ஆற்றில் இறங்கிய அழகர், வண்டியூர்ப் பெருமாள் கோயிலில் இரவு தங்கி, மறுநாள் வைகைக்குள் இருக்கிற தேனூர் மண்டபத்துக்குக் கருட வாகனத்தில் எழுந்தருள்வார். துர்வாசர் சாபத்தால் தவளையாகிக் கிடந்த முனிவருக்கு அங்கே விமோசனம். வெயிலில் நசுங்கிக்கொண்டு நிற்கிற கூட்டத்துக்கு நடுவே ஒரு நாரையைப் பறக்கவிடுவார்கள். சாபம் தீர்ந்தது என்பதை எல்லோரும் பார்க்க அறிவிக்கிறார்கள். சாபம் கொடுத்ததை ஊரறியச் சொன்னால், தீர்ந்ததையும் ஊரறியச் சொல்லித்தானே ஆக வேண்டும்.

1958 சட்டத்தை எழுதியவர்களுக்கும் இது தோன்றியிருக்கிறது. 12-ஆவது பிரிவில், நன்னடத்தையில் விடப்பட்டவருக்குத் தண்டனை பெற்றவருக்கு வருகிற தகுதியிழப்பு எதுவும் வராது என்று எழுதினார்கள். அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் அதன் பின் அறுபது வருஷச் சண்டை. 1975-ல் தென்னக ரயில்வே ஊழியர் ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. ஊழியரைக் கேட்காமல் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்ற அளவில் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ஆனால், நன்னடத்தையில் விட்டதால் குற்றம் செய்தார் என்ற முடிவு அழிந்துவிடாது, அந்தப் பிரிவு வேறு சட்டங்கள் விதிக்கிற தகுதியிழப்பை மட்டுமே தடுக்கும் என்றும் சொல்லிவிட்டது. 1990-லும் ஏறக்குறைய அதையே திரும்பச் சொன்னது. விளைவு: தேர்தலில் நிற்பதற்கு, பதவி வகிப்பதற்குச் சட்டம் போட்ட தடை வண்டியூர் இளைஞனுக்கு வராது; ஆனால் தனியார் நிறுவனத்தின் மேலாளரோ, அரசுத் துறையின் தேர்வாளரோ கேஸ் இருக்கா என்று கேட்கும்போது, இருக்கிறது என்றுதான் பதில் போகும்.

காவலர் பணித் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் காலையில் மைதானத்தில் ஓடுகிற பையன்களில் பாதிப் பேருக்குக் கனவு அதுதான். 2008-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு சொன்னது: சந்தேகத்தின் பலனால் விடுதலை ஆனவரையும் கிரிமினல் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதலாம், விதி அப்படித்தான் இருக்கிறது. விடுதலை பெற்றவருக்கே இந்த நிலை என்றால் நன்னடத்தையில் வந்தவர் விண்ணப்பம் எங்கே போகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மறைத்து எழுதினாலோ, மறைத்ததே தனிக் குற்றமாக வேலையைத் தின்றுவிடும். 2016-ல் உச்ச நீதிமன்றம் சற்று இறங்கிவந்து, இளம் வயதில் நடந்த அற்பமான வழக்காக இருந்தால் அதை மறைத்ததைக்கூட வேலை கொடுப்பவர் மன்னிக்கலாம் என்றது. மன்னிக்கலாம் என்றது, மன்னிக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

இரண்டு பையன்களை அருகருகே நிறுத்திப் பார்க்கிறேன். இருவரும் ஒரே நாளில் ஒரே தப்பைச் செய்தவர்கள். ஒருவன் வீட்டில் வசதி உண்டு. பொருளுக்கு உரியவரோடு சமாதானம் பேசி, ஒத்தக்கடையில் உயர் நீதிமன்றக் கிளைக்குப் போய் வக்கீல் வைத்து குவாஷ் போட்டு வழக்கையே ரத்து செய்துகொள்கிறான். இன்னொருவனின் அம்மா சந்தையில் கீரை விற்கிறவர். அவன் கூண்டில் நின்று, ஆமாம் எடுத்தேன் என்று சொல்லி, மூன்று வருஷம் கையெழுத்துப் போட்டு, ஒரு தகராறுக்கும் போகாமல் முடிக்கிறான். முன்னவனுக்கு வழக்கே இல்லை. பின்னவனுக்கு ஆயுசுக்கும் உண்டு. உண்மையைச் சொன்னவனுக்கும் விதித்ததை முழுசாக முடித்தவனுக்கும் கூடுதல் சுமையைக் கொடுக்கிற ஏற்பாட்டை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

தாளின் கதைக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் இந்தப் பத்து ஆண்டுகளில் அது தாளாகவே இல்லை. காவல் நிலையங்களைக் கணினியால் இணைக்கும் திட்டத்துக்கு 2009-ல் ஒப்புதல் கிடைத்தது. மதுரையில் பதிவான குற்ற எண் இன்று நாட்டின் எந்த மூலையிலிருந்தும் திரையில் வரும். 2022 ஆகஸ்டில் தேசியக் கைரேகைத் தொகுப்பு தொடங்கிவைக்கப்பட்டது. அதில் ஏறுகிறவருக்குப் பத்து இலக்க எண் ஒன்று. அதே 2022-ல் 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துவிட்டுக் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். பழைய சட்டம் ஓராண்டோ அதற்கு மேலோ கடுங்காவல் கிடைக்கக்கூடிய குற்றத்தில் தண்டனை பெற்றவர் போன்றவர்களிடம்தான் ரேகை கேட்டது. புதியது எந்தக் குற்றத்தில் தண்டனை பெற்றவரிடமும் கேட்கிறது. ரேகையோடு கருவிழி, விழித்திரை, கையெழுத்து, உடற்கூறு மாதிரிகள் என்று பட்டியல் நீளும். எடுத்த தேதியிலிருந்து 75 ஆண்டு வைத்திருப்பார்கள்.

எழுபத்தைந்து. நம் வண்டியூர்ப் பையனுக்கு 95 வயது ஆகும்வரை. முன்பு தண்டனையே பெறாதவர் விடுதலையானால், மேல்முறையீடெல்லாம் முடிந்த பிறகு அழிக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். அதைக்கூட நீதிபதி காரணம் எழுதி வேண்டாம் என்று சொல்லலாம். நன்னடத்தையை முடித்தவர் அதிலும் இல்லை. 1920-ல் விடுபட்டவர் 2022-லும் விடுபட்டுவிட்டார்.

காவல் நிலையத்தின் சொந்தப் பதிவேடு இன்னொன்று. பத்திரிகைகள் சரித்திரப் பதிவேடு குற்றவாளி என்று எழுதுமே, அந்தப் பதிவேடு. தமிழ்நாடு காவல் நிலை ஆணைகளின்படி திறப்பது, வருஷம் முடிந்ததும் உயர் அதிகாரி பார்த்துத் தொடரவோ மூடவோ உத்தரவிடுவது. பார்க்காமலே தொடர்கிறார்கள் என்று மூடக் கோரி மதுரைக் கிளைக்கு வருகிற மனுக்களுக்குக் குறைவில்லை. 2024 மே மாதம் டெல்லி வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதைக் கையில் எடுத்தது. பிற்பட்ட சமூகங்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினரை இயந்திரம்போல இந்தப் பதிவேட்டில் ஏற்றும் பழக்கத்தை எல்லா மாநிலங்களும் திரும்பிப் பார்க்க வேண்டும், குற்றம் செய்யாத சிறு பிள்ளைகளின் விவரங்களை அதில் எழுதக் கூடாது என்றது. அதே ஆண்டு அக்டோபரில் சிறைகளில் சாதிப் பாகுபாடு பற்றிய தீர்ப்பில், குற்றப் பரம்பரைச் சட்டத்தின் நிழல் சிறை விதிகளில் இன்னும் இருப்பதை எடுத்துச் சொன்னது. அந்த வழக்கில் பேசப்பட்ட சிறைகளில் பாளையங்கோட்டையும் உண்டு. இந்தத் தீர்ப்புகளைப் படிக்கும்போது பெருங்காமநல்லூர் நூறு வருஷத்துக்கு முந்திய கதையாகத் தோன்றவில்லை.

மதுரைக்கே உரிய ஒரு வழக்கும் உண்டு. கீழ் நீதிமன்றத்தில் தண்டனை பெற்று, 2014-ல் மதுரைக் கிளையில் குற்றமற்றவர் என்று விடுதலையான ஒருவர், இணையத்தில் தன் பெயரைத் தட்டினால் அந்தத் தீர்ப்பு வருகிறது, வெளிநாட்டில் வாழ்க்கையைத் தொடர முடியவில்லை, பெயரை மறையுங்கள் என்று கேட்டார். 2021 ஆகஸ்டில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இதற்கு ஒரு சட்டமும் தெளிவான அளவுகோலும் வரட்டும் என்று மனுவைத் தள்ளினார். 2024 பிப்ரவரியில் நீதிபதிகள் அனிதா சுமந்த், விஜயகுமார் அமர்வு மறைக்கத்தான் வேண்டும் என்றது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. தீர்ப்புகள் பொது ஆவணம், அவற்றில் பெயரைத் துடைக்கத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது என்ற கவலையும் லேசானதல்ல. பெரிய மனிதர்கள் தங்கள் பழைய வழக்குகளை மறைக்க அதே கதவைத் தட்டுவார்கள். நான் அந்தப் பயத்தை மதிக்கிறேன். எனவேதான் நீதிமன்றத் தீர்ப்பைத் துடைப்பதைவிட, வேலைக்கும் வாடகை வீட்டுக்கும் கேட்கிற சரிபார்ப்புக்கு என்ன பதில் போக வேண்டும் என்பதை முதலில் ஒழுங்கு செய்யலாம் என்று நினைக்கிறேன். நீதிபதியும் புலனாய்வு அதிகாரியும் பார்க்கட்டும். வேலை கொடுக்கிறவர் பார்க்கத் தேவையில்லை.

நம் நாட்டிலேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 24-ஆவது பிரிவு: தப்புச் செய்த சிறாருக்குத் தகுதியிழப்பு வராது, மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் அந்தப் பதிவை அழிக்க வேண்டும். 16 வயதுக்கு மேல் கொடுங்குற்றத்துக்காகப் பெரியவர்போல விசாரிக்கப்பட்டவருக்கு மட்டும் விலக்கு. பதினெட்டு நிறைய ஒரு நாள் இருக்கும்போது கைப்பேசியை எடுத்தவனின் தாள் அழிக்கப்படும். மறுநாள் எடுத்தவனுடையது 75 வருஷம் கிடக்கும்.

தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக இருக்கிற சிங்கப்பூரில் வேறு ஏற்பாடு. குற்றப் பதிவுச் சட்டத்தை 2005-ல் திருத்தி, மூன்று மாதத்துக்கு மேற்படாத சிறையோ, இரண்டாயிரம் வெள்ளிக்கு மேற்படாத அபராதமோ பெற்றவர், ஐந்து வருஷம் ஒரு குற்றமும் செய்யாமல் இருந்தால் பதிவு காலாவதி என்றார்கள். பிறகு சமூகத்தில் வைத்தே நிறைவேற்றும் தண்டனைகள் வந்தபோது, அதை ஒழுங்காக முடித்தவுடனேயே பதிவு காலாவதியாகும்படி செய்தார்கள். அதன் பின் பதிவு உண்டா என்று கேட்டால் இல்லை என்று சட்டப்படியே சொல்லலாம். பிரிட்டனில் 1974-லிருந்து இதற்குச் சட்டம் உண்டு. அமெரிக்காவில் பென்சில்வேனியா 2018-ல், விண்ணப்பமே போடாமல் கணினி தானாகப் பழைய பதிவுகளை மூடுகிற முறையைக் கொண்டுவந்தது. இந்தக் கடைசி யோசனை நமக்கு முக்கியம். விண்ணப்பம் போடு என்றால் வக்கீல் வேண்டும், வக்கீல் என்றால் பணம் வேண்டும், கீரை விற்கிறவரின் மகன் அங்கேயே நின்றுவிடுவான்.

நம்முடைய சட்டங்களுக்கும் மறக்கத் தெரியும். கடவுச்சீட்டுச் சட்டம் ஐந்து வருஷத்துக்கு முந்தியதைக் கேட்பதில்லை. அந்த ஐந்து வருஷத்துக்குள்ளும் ஒழுக்கக்கேடான குற்றத்துக்கு இரண்டு வருஷத்துக்குக் குறையாத சிறை பெற்றவரைத்தான் தடுக்கிறது. இரண்டு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை பெற்ற அரசியல்வாதி சிறையிலிருந்து வந்து ஆறு வருஷம் கழிந்தால் மறுபடி சட்டமன்றத்துக்கு நிற்கலாம். அவருக்கு இருக்கிற கால எல்லை, சிறைக்கே போகாத வண்டியூர்ப் பையனுக்கு இல்லை.

ரேகையை 75 ஆண்டு வைத்திருப்பதை மாற்ற நாடாளுமன்றம்தான் வேண்டும், உடனே நடக்காது. ஆனால் காவல்துறை மாநிலத்தின் கையில் இருக்கிறது. நன்னடத்தைப் பிரிவும் சிறைத்துறையின் கீழ் மாநிலத்திடமே இருக்கிறது. பிணைக் காலம் முடிந்த அன்றே நன்னடத்தை அலுவலர் ஒரு நிறைவுச் சான்று எழுத வேண்டும்; ஒரு நகல் நீதிமன்றத்துக்கு, ஒன்று காவல் நிலையத்துக்கு, ஒன்று மாநிலக் குற்ற ஆவணக் கூடத்துக்கு, ஒன்று அந்தப் பையன் கையில். அதன் பிறகு சரிபார்ப்பு கேட்டு வருகிற எந்த நிறுவனத்துக்கும் அந்தக் குற்ற எண் தெரியக் கூடாது. முதல் தகவல் அறிக்கை பொதுத் தளத்திலிருந்து இறங்க வேண்டும். காவல் நிலை ஆணைகளில் சில வரிகள், உள்துறையின் ஓர் அரசாணை. இவ்வளவு போதும் தொடங்குவதற்கு. 1936-ல் வெள்ளைக்காரன் காலத்திலேயே நன்னடத்தைச் சட்டம் எழுதிய மாநிலம் இது. ரேகை கொடுக்க மாட்டோம் என்று 16 பேர் செத்த மாவட்டமும் இதுதான். அந்த அரசாணையைக் கேட்டு முதல் மனு மதுரையிலிருந்து போகட்டும்.